எந்த ஆதாரத்தை நம்புவது? ஒரு மாணவியின் கேள்விக்கு நூலகரின் பதில்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'கைபேசிப் பயன்பாடும் மாணவர்களின் தூக்கமும்' என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். இணையத்தில் தேடிப் பதினான்கு இணைப்புகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். பேராசிரியை பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுகூட ஆதாரம் ஆகாது, நூலகத்துக்குப் போ" என்றார். போனேன். அடுக்கடுக்காகப் புத்தகங்கள், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. மேசையில் இருந்தவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளின் பெயர்களைக் கொடுத்தது. அவற்றில் மூன்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கட்டுரை கொடுக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. நம்பகமான ஆதாரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் அவசரம். கிடைக்காத அந்த மூன்று கட்டுரைகளை இனித் தேட வேண்டாம். பெரும்பாலும் அப்படிக் கட்டுரைகளே இருக்காது. அந்தச் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. அதனால் ஆய்வாளர் பெயர், இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அசல்போலவே வந்து விழும். 2023ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தபோது அப்படி வழக்குகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

கிடைத்த மற்ற இரண்டு கட்டுரைகளையும் திறந்து படியுங்கள். கட்டுரை இருக்கிறது என்பதாலேயே செயலி அதைப் பற்றிச் சொன்னதும் சரி என்று ஆகிவிடாது. ஒரு கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றுக்கு டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் இருக்கும். எப்போதும் 10 என்றுதான் தொடங்கும். அதை டி.ஓ.ஐ. தளத்தில் இட்டால் நேராக அந்தக் கட்டுரைக்கே போக வேண்டும். வேறு எங்கோ போனாலோ, எங்கும் போகாவிட்டாலோ தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். "நூலகத்துக்குப் போ" என்று உங்கள் பேராசிரியை சொன்னதை 'இணையம் கூடாது' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று கல்லூரி நூலகம் சந்தா கட்டி வைத்திருப்பதில் பெரும்பகுதியைத் திரையில்தான் படிக்க முடியும். அச்சில் இருப்பதெல்லாம் நம்பகமானது, திரையில் இருப்பதெல்லாம் குப்பை என்பதும் இல்லை. நான் பார்ப்பது மூன்றே விஷயம்: இதைச் சொல்பவர் யார், அவருக்கு இது எப்படித் தெரிந்தது, அவர் தெரிந்துகொண்ட வழியிலேயே நானும் போய்ப் பார்க்க முடியுமா. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பின்னால் போய்ப் பார்க்க வழியே இல்லாத தகவலை, எவ்வளவு பெரியவர் சொல்லியிருந்தாலும், ஆய்வில் வைக்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பசலைக் கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கையே ஒரு பிழையால் வந்தது என்று படித்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானிகள் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள், அதனால் அளவு பத்து மடங்காகிவிட்டது என்பார்கள். 'தகவலைச் சரிபாருங்கள்' என்று அறிவுரை சொல்லும் கட்டுரைகளிலேயே இது உதாரணமாக வந்திருக்கிறது. 1981ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஒரு கட்டுரை இதைப் பரப்பியது. ஆனால் இந்தத் தகவலுக்கு அதில் எந்த ஆதாரமும் தரப்படவில்லை. மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2010ல் இதன் வேரைத் தேடிப் போனார். அப்படி ஒரு தசமப் புள்ளிப் பிழை நடந்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை. நார்வேயைச் சேர்ந்த ஓலே ரெக்டல் 2014ல் இந்தக் கதை ஆய்வுலகத்தில் எப்படிக் கைமாறிக் கைமாறிப் பரவியது என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். படித்தவர்கள், பேராசிரியர்கள், நல்ல இதழ்கள் எல்லாம் இருந்தும் இது நடந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தார். மூலத்தைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. உங்கள் பதினான்கு இணைப்புகளிலும் இதுவே நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பதினான்கும் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்றால் பதினான்கு சாட்சிகள் என்று எண்ண வேண்டாம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகவும் இருக்கலாம்.

அடுத்தது உங்கள் கூச்சம். நூலகத்தில் அந்த மேசை போடப்பட்டிருப்பதே கேள்வி கேட்கத்தான். மாணவர்கள் தயங்கித் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும், ஏனென்றால் பத்து நிமிடம் பேசினால் அவர்களுக்கு நாள்கணக்கில் அலைச்சல் மிச்சமாகும். ஆனால் "தூக்கம் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் அலமாரியைக் கைகாட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பாடத்துக்கு, எத்தனை பக்கம், எப்போது கொடுக்க வேண்டும், இதுவரை எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது, பேராசிரியை என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை அப்படியே கொண்டுபோய்க் காட்டினாலும் சரிதான். அவர் திரும்ப உங்களிடம் பல கேள்விகள் கேட்பார். அது உங்களைச் சோதிப்பதற்காக இல்லை. நீங்கள் உண்மையில் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரியாமல் எந்த நூலகராலும் உதவ முடியாது.

அங்கே போகும் முன் தலைப்பைக் கொஞ்சம் செதுக்கிக்கொள்ளுங்கள். 'கைபேசியும் தூக்கமும்' என்பது ஒரு பெரிய பரப்பு, இன்னும் கேள்வியாகவில்லை. 'படுக்கைக்குப் போன பிறகு கைபேசி பார்ப்பது, 18 முதல் 22 வயதுள்ள மாணவர்கள் தூங்கத் தொடங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறதா?' என்பது கேள்வி. இதில் யார், எப்போது, எதை அளக்கப் போகிறோம் என்பது இருக்கிறது. இப்படி ஒரு வரி கையில் இருந்தால், கிடைக்கும் கட்டுரைகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள். தேடத் தொடங்கிய பிறகு கேள்வி மாறும். மாறட்டும்.

கட்டுரைகளைத் தேடும் முன், நூலகத்தின் பார்வை நூல் பகுதியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். துறைசார் கலைக்களஞ்சியங்களும் கையேடுகளும் அங்கே இருக்கும். தூக்கத்தை எப்படி அளக்கிறார்கள், மெலடோனின் என்றால் என்ன, உடலின் நாள்கடிகாரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்ற அடிப்படை தெரியாமல் ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே சோர்ந்துபோவீர்கள். விக்கிப்பீடியாவையும் இந்தக் கட்டத்தில் தாராளமாகப் படிக்கலாம். அதை மேற்கோள் காட்டாதீர்கள். கீழே உள்ள அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போங்கள்.

புத்தக அலமாரியில் உங்களைக் குழப்பியது எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. தூக்கம் ஒரே அலமாரியில் இருக்காது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையை உங்கள் நூலகம் பின்பற்றினால், உளவியல் நோக்கில் எழுதியவை 154.6ல் இருக்கும். உடலியங்கியல் நூல்கள் 612.821ல், தூக்கக் கோளாறுகளைப் பற்றிய மருத்துவ நூல்கள் 616.8498ல். மூன்றும் வேறு வேறு வரிசை, சில நூலகங்களில் வேறு வேறு மாடிகூட. அதனால் முதலில் நூல்பட்டியல் கணினியில் தேடி எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். போன பிறகு, தேடிய புத்தகத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடாமல் இருபுறமும் இருப்பவற்றையும் புரட்டுங்கள். ஒரே பொருளில் எழுதியவை பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. பின்னால் உள்ள சொல்லடைவையும் நூற்பட்டியலையும் முதலில் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: புத்தகம் எழுதி வெளிவர நாளாகும். தூக்கத்தைப் பற்றிய அடிப்படைக்குப் புத்தகம் போதும். கைபேசியைப் பற்றிப் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஆய்விதழ்களுக்குத்தான் போக வேண்டும்.

ஆய்விதழ்களைத் தேடத் தரவுத்தளங்கள் இருக்கின்றன. உங்கள் தலைப்புக்கு முதலில் பப்மெட். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. யாரும் இலவசமாகத் தேடலாம். உளவியலுக்கு சைக்இன்ஃபோ இருக்கிறது. அதற்குக் கல்லூரியின் சந்தா வேண்டும். ஜேஸ்டோரைப் பலரும் சொல்வார்கள். அருமையான களஞ்சியம்தான், ஆனால் அதிலுள்ள பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் அங்கே கிடைக்காது. கைபேசி மாதிரி வேகமாக மாறும் பொருளுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

இவற்றுக்கும் சாதாரணத் தேடலுக்கும் உள்ள வித்தியாசம் பொருள் தலைப்புகளில் இருக்கிறது. நீங்கள் மாரடைப்பு என்று எழுதுவீர்கள், ஒரு மருத்துவர் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்று எழுதுவார். பப்மெட்டில் இப்படிப்பட்ட கட்டுரைகளையெல்லாம் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்திருப்பார்கள். அந்தத் தலைப்பு தெரிந்தால், எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் கட்டுரை உங்களிடம் வந்து சேரும். அந்தச் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான்: முதலில் உங்கள் சொந்தச் சொற்களில் தேடுங்கள். பொருத்தமாக ஒரே ஒரு கட்டுரை கிடைத்ததும் நிறுத்துங்கள். அதன் விவரப் பக்கத்தின் கீழே என்னென்ன பொருள் தலைப்புகள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தேடலை அந்தச் சொற்களால் செய்யுங்கள்.

ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (OR) போட்டு ஓர் அடைப்புக்குள் வையுங்கள்: ஸ்மார்ட்போன், மொபைல் போன், செல்போன். வேறு வேறு கருத்துகளை 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள்: அந்த அடைப்பு, அப்புறம் ஸ்லீப், அப்புறம் ஸ்டூடண்ட்ஸ். தேடும்போது இவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்தால் ஆண்டைக் குறுக்குங்கள், அல்லது முறைசார் மதிப்பாய்வுக் கட்டுரைகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒரு கேள்வியைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடி, தரம் பிரித்து எழுதுபவை அவை. மூன்று வாரமே இருக்கும் உங்களுக்கு இப்படி நல்லதாக ஒன்று கிடைத்தால் பெரிய உதவி.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதிலிருந்து இரண்டு பக்கமும் நகரலாம். அதன் நூற்பட்டியல் உங்களைப் பின்னால், பழைய ஆய்வுகளுக்குக் கொண்டுபோகும். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் இருக்கும். அது முன்னால், புதிய ஆய்வுகளுக்குக் கொண்டுபோகும். அந்தக் கட்டுரையை யாராவது மறுத்திருந்தாலும் அங்கேதான் தெரியும்.

இப்போது ஒரு கட்டுரையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்கள் தலைப்பில் தேடினால் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 2015ல் வந்த ஓர் ஆய்வு கட்டாயம் எதிர்ப்படும். 'திரை வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறது' என்று சொல்லும் பலரும் காட்டும் ஆய்வு அது. திறந்து, முறைகள் என்ற பகுதியைப் படியுங்கள். கலந்துகொண்டவர்கள் 12 பேர். ஆய்வகத்திலேயே இரண்டு வாரம் தங்கவைத்தார்கள். தூங்கும் முன் சுமார் 4 மணி நேரம், தொடர்ந்து 5 இரவுகள், ஐபேடில் படித்தார்கள். இன்னொரு 5 இரவுகள் அச்சுப் புத்தகம் படித்தார்கள். ஐபேடில் படித்தபோது, தூங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் குறைந்தது, தூக்கம் வரச் சராசரியாக ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாக ஆனது.

கவனமாகச் செய்த நல்ல ஆய்வு அது. ஆனால் அதை வைத்து, 'கைபேசி மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நிரூபிக்கப்பட்டுள்ளது' என்று நீங்கள் எழுத முடியாது. அங்கே இருந்தது கைபேசி இல்லை. செய்ததும் வெறும் வாசிப்புதான். நண்பர்களோடு பேச்சு, காணொளி எதுவும் இல்லை. பன்னிரண்டு பேர், ஆய்வகச் சூழல், நான்கு மணி நேரம். 'ஆய்வகத்தில் 12 பேரிடம் செய்த ஒரு சோதனையில், ஒளிரும் திரையில் பல மணி நேரம் படித்தபோது தூக்கம் தொடங்குவது சுமார் 10 நிமிடம் தள்ளிப்போனது' என்று எழுதலாம். இரண்டாவது வரி சாதுவாகத் தெரியும். உங்கள் பேராசிரியை தேடுவது அந்த வரியைத்தான்.

இன்னொன்று. மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துச் செய்த கணக்கெடுப்புகள் நிறையக் கிடைக்கும். அதிகம் கைபேசி பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று அவை சொல்லும். கைபேசியால் தூக்கம் குறைந்ததா, தூக்கம் வராததால் கைபேசியை எடுத்தார்களா என்பதை ஒரே தடவை எடுத்த கணக்கெடுப்பால் சொல்ல முடியாது. அந்த ஆய்வாளர்களே கட்டுரையின் கடைசியில் வரம்புகள் என்ற பகுதியில் இதை ஒப்புக்கொண்டு எழுதியிருப்பார்கள். அந்தப் பகுதியைத் தவறாமல் படியுங்கள்.

'சக மதிப்பாய்வு செய்யப்பட்டது' என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்று கேட்பீர்கள். துறை தெரிந்த வேறு சிலர் வெளியிடும் முன் படித்துக் குறை சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். பெரிய வடிகட்டிதான், ஆனால் அதையும் தாண்டித் தவறுகள் வரும். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய வேக்ஃபீல்டின் கட்டுரை 1998ல் லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழில்தான் வந்தது. அதுவும் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. இதழ் அதை முழுதாகத் திரும்பப் பெற்றது 2010ல். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் இணையத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே முக்கியமாக நம்பப்போகும் கட்டுரைகளை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பப்மெட்டிலும் அப்படிப்பட்ட கட்டுரைகளின் மேலேயே எச்சரிக்கை தெரியும்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களும் உண்டு. சில நாட்களில் வெளியிட்டுத் தருகிறோம் என்பார்கள். எல்லாத் துறைக்கும் ஒரே இதழாக இருக்கும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் நூலகரிடம் காட்டிவிடுங்கள். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ் என்றால், அப்படிப்பட்ட இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் டி.ஓ.ஏ.ஜே. என்ற இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இலவசம் என்பதாலேயே போலி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் தரமான இதழ்கள் ஏராளம்.

சில கட்டுரைகளைத் திறந்தால் பணம் கேட்கும். தயவுசெய்து கட்டாதீர்கள். கல்லூரிக் கணக்கில் உள்நுழைந்தால் அதே கட்டுரை திறக்கலாம். கூகுள் ஸ்காலரில் 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் தட்டினால், ஆய்வாளரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் பிரதி கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் நூலகங்களுக்கு இடையிலான இரவல் சேவை இருக்கிறதா என்று மேசையில் கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள்; ஆனால் நாளாகும் என்பதால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். கட்டுரை எழுதிய ஆய்வாளருக்கே பணிவாக இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பலாம். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள்.

படிக்கும்போதே ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம், டி.ஓ.ஐ. எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஸோட்டரோ என்ற இலவச மென்பொருள் இதை எளிதாக்கும். அவர்கள் எழுதிய வரியை அப்படியே எடுத்தால் அப்போதே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து எது அவர்களுடைய வரி, எது உங்களுடையது என்று பிரிப்பது மிகவும் கடினம்.

கடைசியாக அந்தப் பதினான்கு இணைப்புகள். அவற்றைத் தூக்கி எறிந்துவிடவில்லைதானே? ஒவ்வொன்றையும் திறந்து, 'ஆய்வு ஒன்று கூறுகிறது' என்று வரும் இடங்களை மட்டும் தேடுங்கள். எந்த ஆய்வு என்று சொல்லியிருந்தால் பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த இணைப்பை நீக்கிவிடலாம். நான்கோ ஐந்தோ பெயர்கள் மிஞ்சினால் போதும். அந்தத் தாளோடு நாளைக் காலை மேசைக்குப் போய், "இந்தக் கட்டுரைகளின் முழு வடிவம் வேண்டும், இவற்றுக்குப் பிறகு வந்த ஆய்வுகளும் வேண்டும்" என்று கேளுங்கள்.